பல்லைப் பாக்குறதுக்கு முன்னாடி பாறையைப் பாருங்க: சுறாப் பல் ஃபாசில் (புதைபடிவம்) பத்தி கொஞ்சம் விரிவா

வாட்ஸப் குரூப்ல அப்பப்போ ஒரு போட்டோ வரும். உள்ளங்கையில முக்கோணமா, கறுப்பா, பளபளன்னு ஒண்ணு இருக்கும், கீழ "இது என்ன பல்லு, எத்தனை வருஷம் பழசு, விலை போகுமா"ன்னு மூணு கேள்வியும் ஒரே மூச்சுல வந்துரும். எங்க கிடைச்சுதுங்கிறது மட்டும் இருக்காது. கேட்டா "கடல்பக்கம்தான்"னு ஒரு பதில். கன்னியாகுமரியும் கடல்பக்கம்தான், கொல்லமும் கடல்பக்கம்தான், ஏன் அரியலூர் கூட ஒரு காலத்துல கடல்தான். இந்த மூணு இடத்துலயும் பாக்க ஒண்ணு போலவே தெரியுற பல்லு கிடைக்கலாம், ஆனா ஒண்ணு போன மாசம் விழுந்தது, ஒண்ணு ரெண்டு கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, இன்னொண்ணு பத்து கோடி வருஷம். அதனால பேர் தேடுற வேலை பல்லுல ஆரம்பிக்கல, அது கிடந்த மண்ணுலயும் பாறையிலயும்தான் ஆரம்பிக்குது.

முதல்ல ஏன் எப்பப் பாத்தாலும் பல்லு மட்டுமே கிடைக்குது, மிச்ச சுறா எங்க போச்சுன்னு ஒரு சந்தேகம் வரும். சுறாவுக்கு நம்ம மாதிரி எலும்பு கிடையாது, உடம்பு முழுக்க குருத்தெலும்புதான், செத்ததும் அது சீக்கிரமே மக்கிப் போயிரும், முதுகெலும்பு வட்டுகள்ல மட்டும் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து ஏறியிருக்குறதால அது எப்பவாவது தப்பும். பல்லு அப்படி இல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில ஒரு ஆள் எந்திரிச்சதும் பின்னால நிக்கிற ஆள் உக்காருற மாதிரி, முன் வரிசைப் பல்லு விழுந்ததும் பின் வரிசைப் பல்லு நகந்து வந்து நின்னுக்கும், இது சுறா சாகுற வரைக்கும் நடக்கும், சில இனங்கள்ல வாழ்நாள்ல 20,000 பல்லுக்கு மேல போகும்னு கணக்கு சொல்றாங்க. அதுபோக அந்தப் பல்லோட மேல்பூச்சு ஃபுளோரின் கலந்த பாஸ்பேட், தண்ணியில சுலபமா கரையாது. ஒரே மீன் ஆயிரக்கணக்குல கொட்டுது, கொட்டுனதும் அழியாம நிக்குது, அப்புறம் கடல் படிவுகள்ல பல்லா கிடைக்குறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

இப்போ நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, இந்த மலையடிவாரத்துல எவ்வளவு தோண்டினாலும் சுறாப் பல்லு கிடைக்காது. இங்க இருக்குற கொண்டலைட், சார்னோகைட் வகைப் பாறைங்க எல்லாம் பூமிக்கு உள்ள ரொம்ப ஆழத்துல வெந்து உருமாறுனது, கடைசியா அந்த சூடு பட்டதே சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அப்போ சுறாங்கிற இனமே உலகத்துல இல்ல. குற்றாலத்துல ஆத்துக்குள்ள பல்லு கிடைச்சுதுன்னு யாராவது சொன்னா அது சீசனுக்கு வந்த யாரோட கழுத்துக் கயித்துல இருந்தோ அறுந்து விழுந்ததுதான்.

ஆனா அதே செங்கோட்டையில கொல்லம் ரயில் ஏறி, அந்தப் பதிமூணு கண் பாலத்தைத் தாண்டி, புனலூர், கொட்டாரக்கரை எல்லாம் கழிஞ்சு குண்டரை வந்துட்டா கதையே வேற. குண்டரையை பீங்கான் களிமண்ணுக்குத்தான் எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் கிட்டத்துல அஷ்டமுடிக் காயலோட ஒரு கை உள்ள ஏறி வர்ற இடத்துல படப்பக்கரைன்னு ஒரு ஊரு இருக்கு, அங்க காயல் கரையில வெளிய தெரியுற சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும்தான் ஜியாலஜி புத்தகங்கள்ல குயிலான் (கொல்லத்தோட பழைய இங்கிலீஷ் பேரு) படிவுன்னு சொல்றது. 1850-கள்லயே இந்தச் சுண்ணாம்புக்கல்லுல இருந்த கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரிகளைப் பத்தி கார்ட்டர்ங்கிறவர் எழுதிட்டாரு, 1882-ல இந்திய புவியியல் ஆய்வுத் துறையில இருந்த வில்லியம் கிங் இதுக்கு குயிலான்னும் இதுக்கு மேல இருக்குற மணல், களிமண் அடுக்குக்கு வர்க்கலைன்னும் ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சாரு. குயிலான் படிவோட வயசு மயோசீன் காலத்தோட முன்பகுதி, 1.6 கோடியில இருந்து 2 கோடி வருஷத்துக்குள்ள. சங்கு, சிப்பி, பவளம், மீனோட காதுக்கல்லு, கூடவே சுறாவோடதும் திருக்கையோடதும் பல்லுங்க இதுல இருந்து பதிவாயிருக்கு. ஆழம் குறைஞ்ச, சூடான, கடல்புல்லு முளைச்ச கடலடி அது. அந்த மாதிரி இடத்துல சிப்பியை நொறுக்குற திருக்கையும் சின்ன சைஸ் சுறாவும்தான் அதிகம் நடமாடும், அதனால இங்க எதிர்பாக்க வேண்டியது விரல் நகத்தை விட சின்ன பல்லு. கை நிறைய வர்ற பல்லை கனவு கண்டுட்டு போனா வெறுங்கையோட வருவீங்க.

வர்க்கலை பத்தி தனியா ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா டூர் போற எல்லாரும் பல்லு தேடுறது அந்த செங்குத்து மலைமுகப்புலதான், பாக்க அவ்வளவு கம்பீரமா இருக்குல்ல, அதுல ஏதாவது இருக்கும்னு தோணும். அந்த முகப்புல மேல செம்பாறாங்கல்லு, கீழ மணற்பாறை, களிமண்ணு, அங்கங்க நிலக்கரி ஆகப்போற கறுப்பு அடுக்கு, அதாவது செடிகொடி மக்குன மண்ணு. கடல் சுண்ணாம்பு அதுக்குக் கீழ இருக்குற குயிலான் படிவுலதான். தப்பான அடுக்குல நின்னுக்கிட்டு சரியான பொருளைத் தேடுறாங்க. அது புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கணும்னு அறிவிச்ச இடம் வேற, சுரண்டவும் கூடாது, சரியுற மண்ணுக்குக் கீழ உக்காருறது உயிருக்கும் நல்லது இல்ல.

தெக்க கொளச்சல், தூத்தூர், முட்டம்னு போனா கரையில கிடைக்குற பல்லு கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் காலத்து மீனோடதுதான். தூத்தூர் பக்கத்து ஆளுங்க கொச்சியில போட்டை நிப்பாட்டி ஆழ்கடல்ல சுறாத் தூண்டில் போடுறதுல பேர் போனவங்க, அவங்க வீட்டுத் திண்ணையில கிடக்குற தாடையில ஒரு நாள் உக்காந்து பாத்தா எந்தப் புத்தகமும் சொல்லாத பாடம் கிடைக்கும். பால் சுறா, கொம்பன் சுறா எல்லாத்துலயும் ஒரே வாயில முன் பல்லு ஒரு மாதிரி, கடைவாய்ப்பக்கம் போகப்போக சாய்வா, குட்டையா வேற மாதிரி, மேல் தாடை ஒரு வடிவம், கீழ் தாடை ஒரு வடிவம். இதைக் கண்ணால பாக்காதவங்கதான் ஒரே இனத்தோட நாலு பல்லுக்கு நாலு பேர் வைப்பாங்க. ஆரம்ப கால ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் செஞ்சாங்க, அப்படி வச்ச பேர்கள்ல ஏகப்பட்டது பின்னால ரத்தாயிருச்சு.

அது ஃபாசிலா இல்ல புதுசான்னு முதல்ல பிரிக்கணும். இங்க எல்லாரும் விழுற குழி கலரு. கறுப்பா இருந்தா பழசுன்னு நினைக்கிறாங்க. கலர் வர்றது அது புதைஞ்சு கிடந்த மண்ணுல இருக்குற இரும்பு, மாங்கனீஸ், பாஸ்பேட் மாதிரி சத்துங்களால, வயசால இல்ல. மொராக்கோவுல பாஸ்பேட் சுரங்கத்துல கிடைக்குற அஞ்சாறு கோடி வருஷப் பல்லு வெண்ணெய் கலர்ல இருக்கும். அதனால பல்லோட மேல்பகுதியை விட்டுட்டு வேரைப் பாருங்க. புதுப் பல்லுல வேர் வெள்ளையா, லேசா, சின்னச் சின்ன துளையோட எலும்பு மாதிரியே இருக்கும், ஃபாசில்ல அந்தத் துளைக்குள்ள எல்லாம் தாதுப்பொருள் ஏறி கனமாயிருக்கும், உடைஞ்ச இடத்துல உள் வரைக்கும் நிறம் போயிருக்கும். தீ வச்சு மணம் பாக்குற ஆளுங்களும் இருக்காங்க, வேண்டாம், நல்ல பல்லு ஒண்ணு அநியாயமா விரியும்.

சரி, ஃபாசில்தான்னு ஆயாச்சு. இனி பல்லைக் கையில எடுக்கலாம். ரெண்டு முகத்துல ஒண்ணு தட்டையா இருக்கும், அது உதட்டுப் பக்கம், இன்னொண்ணு புடைச்சிருக்கும், அது நாக்குப் பக்கம். நாக்குப் பக்கத்தைத் திருப்பி வச்சுத்தான் பாக்கணும், வேரோட நடுவுல ஒரு பள்ளம் ஓடுதா, ரத்தக்குழாய் போற ஓட்டை இருக்கா, வேர் ரெண்டு காலா பிரியுதா இல்ல கட்டையா நிக்குதான்னு எல்லாம் அந்தப் பக்கம்தான் தெரியும். அடுத்து ஓரம். நகத்தை மெதுவா ஓட்டிப் பாத்தா ரம்பம் மாதிரி வெட்டு இருக்கா, வழவழன்னு இருக்கான்னு தெரிஞ்சுரும். அப்புறம் பிரதான முனைக்கு ரெண்டு பக்கமும் குட்டி முனைங்க இருக்கான்னு பாக்கணும்.

மணல்புலின்னு சொல்ற சுறா வகையோட பல்லு ஒல்லியா, நீளமா, ஓரத்துல வெட்டே இல்லாம, அடியில ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி குட்டி முனையோட இருக்கும், வழுக்கிட்டு ஓடுற மீனைக் குத்திப் பிடிக்கிற பல்லு அது. மாக்கோங்கிற சுறாவோடதும் வழவழ ஓரம்தான், ஆனா குட்டி முனை கிடையாது. கார்க்கரைனஸ் பேரினம் (நெருங்கின பல சுறா இனங்களுக்குப் பொதுப் பேர்), அதாவது இன்னிக்கு நம்ம கரையில வலையில விழுறதுல பெரும்பாதி, அதுக்கு மேல் பல்லு அகலமான முக்கோணம், ரம்ப ஓரம், கீழ் பல்லு ஒல்லியா நேரா. இதுல ஒரே ஒரு பல்லை வச்சு எந்த இனம்னு சொல்றது பெரும்பாலும் நடக்காத காரியம், கார்க்கரைனஸ்னு மட்டும் எழுதி நிறுத்திக்கிறதுதான் யோக்கியம். எனக்குத் தெரிஞ்சு இந்த இடத்துலதான் நிறைய பேருக்குப் பொறுமை போயிரும், முழுப் பேர் வேணும்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க.

ஹெமிப்ரிஸ்டிஸ்ங்கிற சுறா அப்படி இல்ல, ஒரு தடவை பாத்தா மறக்காது. மேல் பல்லு ஒரு பக்கம் வளைஞ்சு, பெரிய பெரிய வெட்டோட ஓரம், ஆனா அந்த வெட்டு நுனி வரைக்கும் போகாது, நுனி மட்டும் மொழுக்குன்னு நிக்கும். கீழ் பல்லைத் தனியா பாத்தா அதே மீன்னு நம்பவே முடியாது, ஒல்லியா கொக்கி போல, அடியில மட்டும் கொஞ்சம் வெட்டு. மயோசீன் கடல்கள்ல உலகம் முழுக்க இருந்த ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா அழிஞ்சு போச்சு, அதோட சொந்தக்காரன் ஒருத்தன் இன்னிக்கும் இந்தியப் பெருங்கடல்ல இருக்கான்.

இப்போ முதல்ல சொன்ன விஷயத்துக்கு வலுவான உதாரணம். புலிச்சுறா, அதாவது கேலியோசெர்டோவோட பல்லு ஒரு பக்கம் சாய்ஞ்சு, பின்பக்கம் ஆழமா ஒரு வெட்டு விழுந்து, ஓரம் பூரா ரம்பமா இருக்கும். ஸ்குவாலிகோராக்ஸ்னு ஒரு சுறா, கிரிட்டேசியஸ் காலத்துல வாழ்ந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர் போனப்பவே போய்ச் சேந்துருச்சு, அதோட பல்லும் கிட்டத்தட்ட இதே சாய்வு, இதே ரம்பம். ரெண்டும் உறவு கூட கிடையாது, புலிச்சுறா ஒரு வகையறா, இது வெள்ளைச்சுறா, மாக்கோ வர்ற வகையறாவுல வர்றது. ஒரே மாதிரி சாப்பாட்டை ஒரே மாதிரி அறுக்கணும்னா பல்லும் அதே வடிவத்துக்கு வந்து நிக்குது. நல்ல வேர் இருந்தா பிரிச்சிரலாம், ஆனா கரையில உருண்டு வர்ற பல்லுல முதல்ல உடையுறதே வேர்தான். அரியலூர், காரை பக்கத்து படிவுல எடுத்தேன்னு ஒருத்தர் சொன்னா புலிச்சுறாங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, அந்த இனம் பொறக்குறதுக்கு நாலஞ்சு கோடி வருஷம் பாக்கி. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துல சுமார் பத்து கோடி வருஷப் படிவுல ஸ்குவாலிகோராக்ஸ் பதிவாயிருக்கு. படப்பக்கரைன்னு சொன்னா ஸ்குவாலிகோராக்ஸ் வெளிய, அது அழிஞ்சு நாலஞ்சு கோடி வருஷம் கழிச்சு உண்டான பாறை அது. எடுத்த இடம் தெரிஞ்சா பாதி சந்தேகம் லென்ஸை எடுக்குறதுக்கு முன்னாடியே தீந்துரும்.

அரியலூர் பக்கம் டைகோடஸ்னு இன்னொண்ணும் கிடைச்சிருக்கு, தட்டையா, மேல வரி வரியா, முக்கோணமே இல்லாத பல்லு. சிப்பி, ஓடு எல்லாம் நொறுக்கித் திங்குறதுக்கு. கைக்கு வந்தா பல்லுன்னே தோணாது, யாரோ செதுக்குன கல்லுன்னு தூக்கிப் போட்டுருவீங்க. உலகம் முழுக்க ரொம்ப காலம் பல்லை மட்டும் வச்சே இந்த மீன் எப்படி இருந்திருக்கும்னு யூகிச்சாங்க, மெக்சிகோவுல கிடைச்ச முழு உடம்பு 2024-ல வெளியான பிறகுதான் அது வேகமா நீந்துற, மாக்கோ வகையறா உடம்புன்னு தெரிஞ்சுது. கொல்லத்துப் பக்கம் இதே தட்டைப் பல்லு கிடைச்சா அது டைகோடஸ் இல்ல, திருக்கை. திருக்கைப் பல்லு நீளக் கட்டையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்குன மாதிரி இருக்கும், அடியில வேர் சீப்பு சீப்பா பிரிஞ்சிருக்கும், ஒத்தைக் கட்டையா உடைஞ்சு கிடைக்குறதுதான் அதிகம்.

மெகலோடான்ங்கிற அழிஞ்சு போன ராட்சதச் சுறாவைப் பத்தி பேசாம விட்டா சண்டைக்கு வருவீங்க. 2.3 கோடியில இருந்து 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இருந்துச்சு, பெரிய பல்லு 18 சென்டிமீட்டர் கிட்ட வரும். இந்தியாவுல ஒடிசா, மயூர்பஞ்ச் மாவட்டத்துல பாரிபடா படிவுல இருந்து பதிவாயிருக்கு. வெள்ளைச்சுறாவோட குழப்பிக்காம இருக்க, நாக்குப் பக்கம் பல்லும் வேரும் சேருற இடத்துல இருண்ட பட்டை ஒண்ணு வளைஞ்சு ஓடும், அது மெகலோடானுக்கு உண்டு, வெள்ளைச்சுறாவுக்கு கிடையாது, ரம்பமும் மெகலோடானுக்கு பொடிப்பொடியா சீரா இருக்கும். ஆன்லைன்ல வாங்குறவங்க கவனிங்க, ரெண்டு உடைஞ்ச பல்லை ஒட்டி ஒண்ணாக்குறது, வேர் இல்லாததுக்கு மண்ணையும் பசையையும் குழைச்சு வேர் வைக்கிறது, மழுங்குன ஓரத்துல அரம் போட்டு ரம்பம் வெட்டுறது எல்லாம் நடக்குது. அதோட அந்த மாதிரி வாங்குற பல்லுல இடம் எதுன்னு பெரும்பாலும் நாட்டுப் பேரோட நின்னு போகும். ஷோகேஸ்ல வைக்க ஓகே, வேற ஒண்ணுக்கும் ஆகாது.

இந்தப் பல்லுங்க ஒரு காலத்துல என்ன பாடு படுத்துச்சுன்னா, ஐரோப்பாவுல இதை நாக்குக் கல்லுன்னு சொல்லி, விஷத்துக்கு மருந்துன்னு கழுத்துல கட்டிட்டுத் திரிஞ்சாங்க, ரோமானியர் பிளினி வானத்துல இருந்து விழுதுன்னே எழுதி வச்சிருந்தாரு. 1666-ல இத்தாலியில லிவோர்னோ பக்கம் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவோட தலையை ஸ்டெனோங்கிற டாக்டர் அறுத்துப் பாத்து, இந்தக் கல்லும் அந்தப் பல்லும் ஒண்ணுதான்னு அடுத்த வருஷமே எழுதினாரு. அப்படின்னா மலையில இருக்குற பாறை ஒரு காலத்துல கடல் சேறா இருந்திருக்கணும், கீழ அடுக்கு முந்தியது, மேல அடுக்கு பிந்தியதுன்னு 1669-ல அவர் போட்ட விதிதான் இன்னிக்கும் ஜியாலஜியோட அரிச்சுவடி. நம்ம பக்கம் 1840-கள்ல கேய், கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிங்க பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி சுத்துவட்டாரத்துல பொறுக்குனதுல இருந்த மீன் மிச்சங்களை 1845-ல லண்டன்ல எகர்டன்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதினாரு. அதுல சுறாப் பல்லும் இருந்துச்சு.

எடுக்குற முறைக்கு வருவோம். தோண்ட வேண்டாம். மழை ரெண்டு தடவை நல்லா அடிச்ச பிறகு கரையில சரிஞ்சு விழுந்த மண்ணைப் பாருங்க, மேல கிடக்குறதே போதும். களிமண்ணா இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வந்து காய வச்சு, தண்ணியில ஊற வச்சு, ஒரு மில்லிமீட்டர் கண்ணு உள்ள சல்லடையில அலசி, மிச்சத்தை வெள்ளைத் தட்டுல பரப்பி பத்து மடங்கு லென்ஸ்ல பொறுக்குங்க. பெரிய பல்லு தேடுறவங்க கண்ணுக்கு சிக்காத அரிசி சைஸ் பல்லுங்கதான் அந்தக் கடல்ல யார் யார் இருந்தாங்கன்னு உண்மையா சொல்லும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ள பல்லு மாட்டியிருந்தா சுத்தி எடுத்து அடிக்காதீங்க. கடை வினிகர்ல சுண்ணாம்பு மெல்ல கரையும், பல்லு பாஸ்பேட்ங்கிறதால தாக்குப் பிடிக்கும், ஆனா ரொம்ப நாள் விட்டா அதுவும் அரிக்கும், கக்கூஸ் கழுவுற ஆசிட் பக்கம் போயிரவே கூடாது. கல்லோடவே வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, எந்த அடுக்குன்னு சாட்சி கூடவே இருக்கும்.

குயிலான் படிவுல ஒரு தனித் தொல்லை உண்டு. அந்தச் சுண்ணாம்புலயும் களிமண்ணுலயும் பைரைட் இருக்கு, தங்கம் மாதிரி மின்னும் இரும்பு சல்பைடு. வெளிய எடுத்து மலையாள நாட்டு மழைக்காத்துல வச்சா ஈரமும் ஆக்சிஜனும் சேந்து அது கந்தக அமிலமா மாறி பல்லை உள்ளுக்குள்ள இருந்தே பொடியாக்கும். ஓரத்துல வெள்ளையாவோ மஞ்சளாவோ மாவு பூத்தா அதுதான். நல்லா அலசி, முழுசா காய வச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி டப்பாவுல போட்டுருங்க. விரிசலுக்கு ஃபெவிக்விக் ஊத்தாதீங்க, பின்னால எடுக்க முடியாது, மியூசியத்துல அசிட்டோன்ல கரையுற பாரலாய்ட் பசையை யூஸ் பண்றதே திரும்பக் கழட்டலாம்ங்கிறதுக்காகத்தான்.

ஒவ்வொரு டப்பாவுக்குள்ளயும் ஒரு சீட்டு. ஊரு, ஜிபிஎஸ், எந்த அடுக்கு, அடுக்குலயே இருந்துச்சா இல்ல கீழ உருண்டு கிடந்துச்சா, தேதி. போன்ல போட்டோவா இருக்கேன்னு விட்டா போன் மாறும்போது அதுவும் போயிரும்.

சட்டம் கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு. ஃபாசிலுக்குன்னே 2022 டிசம்பர்ல மத்திய அரசு புவிப் பாரம்பரிய இடங்கள், எச்சங்கள் பத்தி ஒரு வரைவு மசோதா வெளியிட்டுச்சு. ஃபாசில் சட்டம் எப்படி இருந்தாலும் படப்பக்கரையில கரை முழுக்க வீட்டுக்காரங்க இடம், கேட்காம இறங்குனா "எந்தா சேட்டா இவிடே"ன்னு கேள்வி வரும், வரணும். அரியலூர்ல சிமென்ட் சுரங்கத்துக்குள்ள அனுமதி இல்லாம போறது குற்றம், அங்க பாக்க ஆசைன்னா வாரணவாசியில புதைபடிவ மியூசியம் இருக்கு. புதுப் பல்லா இருந்தா வேற சிக்கல், வேளா மீன் (ரம்பம் மாதிரி நீள மூக்கு உள்ளது), பாண்டிச்சேரி சுறா, கங்கைச் சுறா, திமிங்கலச் சுறா இதெல்லாம் 2001-லயே வனவிலங்குச் சட்டத்து அட்டவணைக்குள்ள வந்தாச்சு, கரையில கிடந்துச்சுன்னு சொல்லி வேளாவோட ரம்பத்தை வீட்டுல மாட்டி வச்சாலும் கேஸ்தான்.

காட்டிக் கேக்கணும்னா காரியவட்டத்துல கேரளா யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மென்ட் இருக்கு, இந்தப் பக்கம் தூத்துக்குடி வஉசி காலேஜ்ல ஜியாலஜி இருக்கு. போறப்போ பல்லோட அந்தச் சீட்டையும், பல்லு ஒட்டியிருந்த மண்ணுல ஒரு பிடியையும் தனி கவர்ல எடுத்துட்டு போங்க. அந்த மண்ணுல இருக்குற நுண்ணுயிர் ஓடுங்களை வச்சு அடுக்கோட வயசை அவங்களால சொல்ல முடியும், வெறும் பல்லை நீட்டுனா அவங்களும் உங்க கிட்ட எங்க எடுத்தீங்கன்னுதான் கேப்பாங்க.